கடலூரிலிருந்து பெரிய ஐ.டி. கம்பெனிக்கு: இண்டர்வியூவிலிருந்து முதல் சம்பளம் வரை

புதுச்சேரியில் பதினைந்து பேர் மட்டுமே இருந்த ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். தினமும் கடலூர் ஓ.டி.யிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அங்கிருந்து சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாற எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் படிப்புக்குப் போனது நான்கு மாதம்தான். மீதி எல்லாம் யாரும் சொல்லித் தராத விஷயங்களில் கரைந்தது. ஆவணங்களில் பெயர் பொருந்தவில்லை, இண்டர்வியூவில் வாயைத் திறக்காமல் ப்ரோகிராம் எழுதினேன், வேலையிலிருந்து விடுவித்ததாகப் பழைய நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டருக்காக அலைந்தேன்.

நன்றாக ப்ரோகிராம் எழுதக்கூடிய நம் பக்கத்துப் பிள்ளைகள் இதே இடங்களில் மாட்டிக்கொள்வதை இன்னும் பார்க்கிறேன். அண்ணன், அக்கா யாராவது ஐ.டி.யில் இருக்கும் வீடுகளில் இதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அப்படி ஒருவர் வீட்டில் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

படிக்க உட்காரும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஏனென்றால் திருத்தம் வர வாரக்கணக்கில் ஆகும்.

நம் பெயர்களில் இனிஷியல் இருக்கிறது. பேன் கார்டு விண்ணப்பத்திலோ இனிஷியலை மட்டும் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். முத்துலட்சுமி, அப்பா கோவிந்தசாமி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'முத்துலட்சுமி ஜி'. ஆதாரில் 'ஜி முத்துலட்சுமி'. பேனில் 'முத்துலட்சுமி கோவிந்தசாமி'. பாஸ்போர்ட்டில் கோவிந்தசாமி குடும்பப் பெயர் ஆகிவிட்டது. கூடவே ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறும். ஒன்றில் 'கே, எஸ், எச்', இன்னொன்றில் 'எக்ஸ்'. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். புதிய நிறுவனத்துக்காக உங்கள் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஏஜென்சியின் கம்ப்யூட்டருக்கு இது மூன்று ஆள்.

என்ன செய்யலாம்:

எல்லா ஆவணங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆதாரையும் பேனையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். அதனால் மையத்தில் திரையில் காட்டுவதை அவசரப்படாமல் படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். பேன் திருத்தத்துக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் ஆகும்.

ஏற்கெனவே வேலையில் இருந்தால் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் உள்ள பெயரும் ஆதாரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். திருத்தம் கேட்டால் பழைய நிறுவனமும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டி வரலாம். வேலையை விட்ட பிறகு அவர்களைப் பிடிப்பது பெரும்பாடு.

இனிஷியலை விரித்தது மட்டுமே வித்தியாசம் என்றால் பல நிறுவனங்கள் நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தை ஏற்றுக்கொள்கின்றன. "இந்தப் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கும்" என்று எழுதித் தருவது. எனக்கு முத்திரைத்தாள், டைப்பிங், நோட்டரி எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரே காலையில் முடிந்தது.

ஸ்கேன் செய்து வைக்க வேண்டியவை: பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், ப்ரொவிஷனல் சான்றிதழ், டிகிரி, ஆதார், பேன், பாஸ்போர்ட் அளவுப் படம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய நிறுவனங்களின் ஆஃபர் லெட்டரும் ரிலீவிங் லெட்டரும். ஒவ்வொன்றும் தனித்தனி பி.டி.எஃப்., நிமிர்ந்த பக்கமாக. போனில் சாய்த்து எடுத்த படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2. ரெசூமே ஒரு பக்கம், போகும் வழி ரெஃபரல்

மூன்று நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், முழு முகவரி, "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். நீங்கள் செய்ததை எண்ணோடு எழுதுங்கள். 'பில்லிங் மாடியூலில் வேலை செய்தேன்' என்று நான் எழுதியிருந்தேன். பிறகு 'மாத இறுதி பில் தயாரிப்பு 40 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாகக் குறைந்தது. டேட்டாபேஸில் இண்டெக்ஸ் சேர்த்தேன், ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகப் போன க்வெரிகளை ஒன்றாக்கினேன்' என்று மாற்றினேன். வேலை அதேதான். அழைப்பு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வலைத்தளத்தில் நேராக அனுப்பிய எண்பது விண்ணப்பத்தில் எனக்கு இரண்டு பதில் வந்தது. கல்லூரி சீனியர்கள் மூலம் ரெஃபரலாக, அதாவது அங்கே வேலை செய்பவரின் பரிந்துரையோடு போன ஒன்பதில் ஐந்து பதில். ரெஃபரல் கேட்க வெட்கப்பட வேண்டாம். பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் ரெஃபர் செய்த ஆள் சேர்ந்தால் ஊழியருக்குப் போனஸ் உண்டு. கேட்கும்போது வேலை அறிவிப்பில் உள்ள எண், ரெசூமே, உங்களைப் பற்றி மூன்று வரி, இந்த மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். "அண்ணா, ஏதாவது ஓப்பனிங் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் நல்ல மனசுள்ளவரால்கூட உதவ முடியாது.

எச்சரிக்கை: ரெஜிஸ்ட்ரேஷன், டிரெய்னிங், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. உண்மையான நிறுவனம் வேலை தரப் பணம் வாங்காது. மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் சொந்த டொமைன் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

3. படிப்புக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

தினம் இரண்டு மணி நேரம், நான்கு மாதம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அரே, ஸ்ட்ரிங், ஹாஷ் மேப், ஸ்டாக், லிங்க்டு லிஸ்ட், பைனரி சர்ச், ட்ரீ, கிராஃப், கடைசியாக டைனமிக் ப்ரோகிராமிங். இந்த வரிசையில் போனால் ஒன்று அடுத்ததற்குக் கை கொடுக்கும். லீட்கோட் என்ற பயிற்சித் தளத்தில் இலவசமாக இருப்பதே தாராளம். ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் கோச்சிங் எதிலும் நான் சேரவில்லை.

ஐந்நூறு கணக்கைப் பார்த்து முடிப்பதைவிட நூற்றைம்பது கணக்கை ஒரு வாரம் கழித்தும் விடையைப் பார்க்காமல் போடத் தெரிந்திருப்பது மேல். கடலூர் புதுச்சேரி பஸ்ஸில் லேப்டாப் திறக்க இடம் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் முந்தின நாள் போட்ட கணக்கை மனதுக்குள் மறுபடி நடத்திப் பார்ப்பேன். திறந்த புத்தகத்தைவிட அது எனக்கு அதிகம் உதவியது.

இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தால், ஒரு பெரிய மென்பொருளை எப்படி அமைப்பீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் சுற்றும் வரலாம். கேஷ், லோட் பேலன்சர், க்யூ, டேட்டாபேஸ் ரெப்ளிகா, ஷார்டிங் இவை ஒவ்வொன்றும் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது, பதிலுக்கு என்ன புதுச் சிக்கலைக் கொண்டுவரும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

4. வீட்டை இண்டர்வியூவுக்குத் தயார் செய்யுங்கள்

வழக்கமான ஓட்டம் இது: ரெக்ரூட்டர் (நிறுவனத்துக்கு ஆள் தேடுபவர்) அழைப்பு, ஒன்று முதல் ஒன்றரை மணி நேர ஆன்லைன் தேர்வு, அப்புறம் 45 முதல் 60 நிமிடச் சுற்றுகள் மூன்று முதல் ஐந்து வரை. பெரும்பாலும் வீடியோவில்தான். எல்லாம் முடிய ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும்.

என் முதல் பெரிய இண்டர்வியூ நவம்பரில் வந்தது. காலையிலிருந்து மழை. இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போனது. லேப்டாப் ஓடியது, ரவுட்டர் அணைந்துவிட்டது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத் திரும்புவதற்குள் ஒன்பது நிமிடம் போய்விட்டது. எதிரில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார், ஆனால் என் கை நடுக்கம் கடைசி வரை நிற்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரையில் மழையும் புயலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புயல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இண்டர்வியூ என்றால் மாற்று ஏற்பாடு இல்லாமல் உட்காராதீர்கள். ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள். போனில் வேறு நெட்வொர்க் டேட்டாவும் முழு சார்ஜும் இருக்கட்டும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்ற அறிவிப்பு முன்கூட்டியே வரும், அந்தத் தேதியைத் தவிர்த்து நேரம் கேளுங்கள். வேறு தேதி கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

நேரில் அழைத்தால்: கடலூரிலிருந்து திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் கிளாம்பாக்கத்தில் நிற்கும். அலுவலகம் சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ இருந்தால் அங்கே இறங்கி வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய் ஓ.எம்.ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) பிடிக்கலாம். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. மேப்பில் ஒன்றை அடித்து இன்னொன்றுக்குப் போய் நேரம் தவறியவர்கள் உண்டு. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் என்றால் நகருக்குள் போகாமலே அந்தப் பக்கம் இறங்கிக்கொள்ளலாம். காலை பத்து மணி இண்டர்வியூவுக்கு முந்தின நாளே போய்விடுவது நல்லது.

5. வாய்விட்டு யோசியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு நிறுவனத்தில் கேட்ட கேள்விக்கு இருபத்தைந்து நிமிடம் வாயே திறக்காமல் ப்ரோகிராம் எழுதி முடித்தேன். சரியாக ஓடியது. அடுத்த வாரம் நிராகரிப்பு. காரணம் கேட்டபோது ரெக்ரூட்டர் சொன்னார், "விடை சரிதான். ஆனால் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று அவரால் எதுவும் எழுத முடியவில்லை." பேசாமல் உட்கார்ந்து எழுதுவதுதான் ஒழுக்கம் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகியிருக்கிறோம். இங்கே அது நம்மைக் கீழே தள்ளும்.

ஒரு கேள்வியை வைத்துக் காட்டுகிறேன். ஒரு நாள் விற்ற பஸ் டிக்கெட் எண்களின் பட்டியல் தருகிறார்கள். இரண்டாவது முறையாக முதலில் வரும் எண் எது?

முதலில் கேள்வி கேளுங்கள். பட்டியல் காலியாக இருக்குமா? எந்த எண்ணும் திரும்ப வராவிட்டால் என்ன தர வேண்டும்? ஏறக்குறைய எத்தனை எண்கள்? ஒரு லட்சம் என்கிறார் என்று வையுங்கள்.

அடுத்து, மனதில் முதலில் வரும் எளிய வழியைச் சொல்லுங்கள். "ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முன் வந்த எல்லா எண்களோடும் ஒப்பிடலாம். ஒரு லட்சத்துக்கு அதிகபட்சம் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடு ஆகும். அதனால் வேறு வழி பார்க்கிறேன்." பிறகு, "பார்த்த எண்களை, ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று உடனே சொல்லும் ஒரு ஹாஷ் செட்டில் போட்டுக்கொண்டே வந்தால் பட்டியலை ஒரு முறை நடந்தால் போதும். நேரம் குறைகிறது, பதிலுக்கு ஒரு லட்சம் எண்ணுக்கு நினைவகம் செலவாகிறது. இது பரவாயில்லையா?" என்று கேளுங்கள். அவர் சரி என்ற பிறகே எழுத ஆரம்பியுங்கள்.

எழுதி முடித்ததும் 'முடிந்தது' என்று கையைக் கட்ட வேண்டாம். 7, 3, 9, 3, 7 என்று ஒரு சின்னப் பட்டியலை எடுத்து வரி வரியாக நடத்திக் காட்டுங்கள். விடை 3 வர வேண்டும், 7 அல்ல. இங்கேதான் பல தவறுகள் நாமே கண்டுபிடிக்கிற மாதிரி வெளியே வரும், அப்படிக் கண்டுபிடித்தால் அது உங்களுக்கு நல்ல மதிப்பெண். அப்புறம் அவர், "பட்டியல் நினைவகத்தில் கொள்ளாத அளவு பெரிதாக இருந்தால்?" என்று நீட்டுவார். எண்ணை அதன் இடத்தோடு சேர்த்து, ஹாஷ் மதிப்பின்படி பல கோப்புகளாகப் பிரிக்கலாம். ஒரே எண் எப்போதும் ஒரே கோப்பில்தான் விழும். ஒவ்வொரு கோப்பிலும் முதல் மறுவரவின் இடத்தைக் கண்டு, அவற்றில் சிறியதை எடுக்கலாம். முழு விடை தெரியாவிட்டாலும் இந்தத் திசையில் பேசினால் போதும்.

ஆங்கிலம் தடுக்கிறது என்றால் முதல் இரண்டு வாரம் தமிழிலேயே சத்தமாக விளக்கிப் பழகுங்கள். யோசனை வாயில் பழகிய பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவது சுலபம். நான் இரவில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுவேன். கீழே அம்மா யாரோடு பேசுகிறாய் என்று கேட்பார். சின்னச் சின்ன வாக்கியம் போதும். உச்சரிப்புக்காக யாரும் என்னை நிராகரிக்கவில்லை.

6. நடத்தை பற்றிய சுற்று

'சக ஊழியரோடு கருத்து வேறுபட்டபோது என்ன செய்தீர்கள்', 'உங்களால் ஒரு வேலை கெட்ட அனுபவம் சொல்லுங்கள்' போன்ற கேள்விகள். அமேசான் தன் பதினாறு தலைமைக் கொள்கைகளைத் தளத்திலேயே போட்டிருக்கிறது, அதை ஒட்டியே கேட்பார்கள். ஆறு உண்மைச் சம்பவங்களை எழுதி வையுங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன. நமக்கு எதற்கும் 'நாங்கள் செய்தோம்' என்றே வாயில் வரும். அடக்கம் நல்லதுதான், ஆனால் கேட்பவருக்கு உங்கள் பங்கு தெரியாது. 'நான்' என்று சொல்லுங்கள்.

7. ஆஃபரைப் பேனா வைத்துப் படியுங்கள்

சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் ஒரு வருடத்தில் செலவிடும் மொத்தத் தொகை, 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 72,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், 28,860. வேரியபிள், அதாவது வேலையின் மதிப்பீட்டைப் பொறுத்து வரும் தொகை, 2 லட்சம். ஜாயினிங் போனஸ் 1.5 லட்சம். நான்கு வருடத்தில் 16 லட்சம் மதிப்புப் பங்குகள், முதல் வருடக் கணக்கில் 4 லட்சம். இதெல்லாம் கழித்தால் மிச்சம் சுமார் 11.49 லட்சம், மாதம் 95,700 சொச்சம். அதில் உங்கள் பி.எஃப். பங்கு 6,000 போனால் வருமான வரிக்கு முன்பே சுமார் 89,700. இருபதைப் பன்னிரண்டால் வகுத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள், அதை நம்பி வீட்டுக் கடன் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேட்க வேண்டியவை: ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்? பங்குகள் எந்த வருடம் எத்தனை சதவீதம் வரும்? எல்லா இடத்திலும் வருடத்துக்குக் கால் பங்கு வராது, கடைசி இரண்டு வருடத்தில் பெரும்பகுதி வருகிற முறையும் உண்டு. பங்குகள் கைக்கு வரும் நாளில் அதன் மதிப்பு சம்பளமாகவே கணக்காகி வரி பிடிக்கப்படும்.

கூடுதலாகக் கேட்கலாமா? கேட்கலாம், மரியாதையாக, ஒரு முறை, காரணத்தோடு. நான் கேட்டதில் மாதச் சம்பளம் ஏறவில்லை, ஜாயினிங் போனஸ் ஏறியது.

8. ராஜினாமாவும் ரிலீவிங் லெட்டரும்

தேதியும் சம்பளமும் உள்ள ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா வேண்டாம். 'கன்ஃபர்ம்தான்' என்ற போன் பேச்சு கணக்கில் வராது.

ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் 30, 60, 90 நாள் என்று இருக்கும். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பி, கடைசி வேலை நாளைக் குறிப்பிட்டு, பதில் மின்னஞ்சல் வாங்குங்கள். என் பழைய இடத்தில் வாய்வார்த்தையாகச் சரி என்றார்கள், பிறகு கடிதம் தர ஏழு வாரம் இழுத்தார்கள். அதற்குள் என் சேரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது ராஜினாமா ஏற்றுக்கொண்ட ஒரு வரி மின்னஞ்சலும் மூன்று வருடச் சம்பளச் சீட்டுகளும். நிறுவனக் கணக்கு மூடும் முன் சீட்டுகள், சம்பள உயர்வுக் கடிதங்கள் இவற்றை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் ப்ரோகிராமையோ வாடிக்கையாளர் விவரத்தையோ மட்டும் தொடாதீர்கள், அது பெரிய குற்றம்.

9. பின்புலச் சரிபார்ப்பு

படிப்பு, முந்தைய வேலை, முகவரி, நீதிமன்றப் பதிவு எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது. புதுச்சேரியில் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி இருந்தது புதுச்சேரியில், சான்றிதழ் தந்தது தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம். படிவத்தில் போர்டு என்ற இடத்தில் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள். பள்ளி முகவரியைப் பார்த்து மாற்றி எழுதி, 'பதிவு கிடைக்கவில்லை' என்று திரும்பி வந்தது எனக்குத் தெரிந்தே இரண்டு பேருக்கு நடந்தது.

வேலை செய்த தேதிகளை நாள் கணக்கில் சரியாகப் போடுங்கள். பி.எஃப். பதிவில் எல்லாம் தெரியும். இடைவெளி இருந்தால் இருந்தது என்றே சொல்லுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தேர்வுக்குப் படித்தேன், எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இல்லாத அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்கிக் காட்டினால் சேர்ந்த பிறகும் வேலை போகும்.

10. சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

சின்ன நிறுவனத்தில் முழு ப்ரோகிராமும் நம் தலைக்குள் இருந்திருக்கும். இங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை நான்கு வரி மாற்றம், அதை முடிக்க ஒன்பது நாள் ஆனது. அனுமதி வாங்குவது, டெஸ்ட் எழுதுவது, நாம் எழுதியதைச் சக ஊழியர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் கோட் ரிவ்யூவில் பதினோரு கருத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் அதில் அடக்கம். ரிவ்யூவில் வரும் கருத்தைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீனியர்களின் மாற்றத்துக்கும் அதே மாதிரிதான் எழுதுகிறார்கள், போய்ப் படித்துப் பாருங்கள்.

அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் கேளுங்கள். என்ன முயன்றேன், என்ன பிழை வந்தது என்று சேர்த்துக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். செய்த வேலைகளை வாரம் ஒரு முறை தேதியோடு எழுதி வையுங்கள். வருட மதிப்பீட்டின்போது மேனேஜருக்கும் ஞாபகம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

நிதியாண்டின் நடுவில் சேர்ந்தால் பழைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு இடத்திலும் வரி குறைவாகப் பிடித்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

கடைசியாக, கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பல நிறுவனங்களில் சம்பளப் பட்டியலை மாத நடுவிலேயே மூடிவிடுவார்கள். 20ஆம் தேதி சேர்ந்தால் அந்தப் பத்து நாள் சம்பளமும் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். அதற்குள் ஹாஸ்டல் அட்வான்ஸ், முதல் மாத வாடகை, ஒவ்வொரு வாரமும் ஊருக்கு வர பஸ் காசு எல்லாம் வேண்டும். நான் 18ஆம் தேதி சேர்ந்தேன். முதல் சம்பளம் கைக்கு வர நாற்பத்து மூன்று நாள் ஆனது.